ரயில் பெட்டியின் தரை அதிர்ந்தால் ரப்பரைக் கடைசியில் தொடுங்கள்

பெட்டியின் தரை காலடியில் நடுங்குகிறது என்று புகார் வந்ததும் விரிப்பைத் தடிமனாக்குவார்கள், அடியில் ரப்பரைச் சொருகுவார்கள். பெரும்பாலும் வீண் செலவு. எத்தனை ஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை முறை) அதிர்கிறது என்று தெரியுமுன் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையே ஓடும் கௌட்ரெயினின் உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ. புதுப் பாதையில் 250 தொட்டால்தான் அதிவேக ரயில் என்பது உலக வழக்கம். தரை அதிர்வுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. 850 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 160 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 16.6 சுற்று சுற்றும். 920 மி.மீ. சக்கரம் 300-ல் 28.8 சுற்று. சக்கரத்தில் தட்டைத் தேய்வு இருந்தால் அந்த எண்ணிலும் அதன் மடங்குகளிலும் தரைக்கு அடி விழும்.

அதிர்வை அளக்கும் முடுக்கமானிகளை மூன்று இடங்களில் வையுங்கள்: இரு போகிகளுக்கும் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டங்களுக்கும்) நேர் மேலே, பெட்டியின் நடுவில். விரிப்பின் மேல் வைத்தால் அளவு பொய் சொல்லும். தரைப்பலகையிலேயே இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள். நொடிக்கு 1000 மாதிரிகள் போதும். வேகத்தையும் கூடவே பதிய வேண்டும். ஜிபிஎஸ் உதவாது, ஜோகன்னஸ்பர்க்கின் பார்க் நிலையத்திலிருந்து மார்ல்போரோ வரை சுமார் 15 கி.மீ. சுரங்கம். ரயிலின் வேக சிக்னலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவை ஹெர்ட்ஸ் வாரியாக வரைந்தால் அதிர்வு எங்கே உச்சம் தொடுகிறது என்று தெரியும். வேகம் ஏற உச்சமும் நகர்ந்தால் காரணம் சக்கரம் அல்லது தண்டவாளம். நகராமல் 10 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றால் பெட்டியே வில்லாக வளைகிறது என்று சந்தேகிக்கலாம். நிலையத்தில் நிற்கும்போதும் அடங்காவிட்டால் அடியில் தொங்கும் கம்ப்ரசர், மின்விசிறி, டிரான்ஸ்பார்மர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்பார்மர் 100 ஹெர்ட்ஸில் உறுமும். அது காலைவிடக் காதுக்குத்தான் தொல்லை.

சக்கரக் கோளாறைக் குழிக் கடைசலில் (ரயிலுக்கு அடியில் குழியில் இருக்கும் கடைசல் இயந்திரத்தில்) கடைந்துதான் தீர்க்க வேண்டும். பிறகு பெட்டியைத் தாங்கும் காற்றுப் பை போன்ற ஏர் ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்து பாருங்கள். காற்று இறங்கியிருந்தால், 1 ஹெர்ட்ஸ் அளவில் மிதக்க வேண்டிய பெட்டி அவசர ரப்பரில் உட்கார்ந்திருக்கும். அதிர்வைத் தணிக்கும் டேம்பரில் எண்ணெய்க் கசிவு, இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடித்தள இயந்திரங்களுக்குக் கணக்கு எளிது. 15.8-ஐ, எடையால் ரப்பர் அமுங்கும் மி.மீ.யின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இயல் அலைவெண், அதாவது அது தானாக ஆடும் ஹெர்ட்ஸ். 600 கிலோ கம்ப்ரசரை நான்கு மவுண்ட்டில் (ரப்பர் தாங்கிகளில்) தொங்கவிட்டு 4 மி.மீ. அமுங்கச் செய்தால் (ஒவ்வொன்றின் விறைப்பும் மி.மீ.க்கு 368 நியூட்டன்) 7.9 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 1480 சுற்று மோட்டாரின் 24.7 ஹெர்ட்ஸ் அதிர்வில் சுமார் 11 சதவீதம்தான் மேலே ஏறும். நடப்பில் கெடுவது வேறு இடத்தில்: பாதுகாப்பு போல்ட் சட்டத்தை உரசும், இழுத்துக் கட்டிய குழாய் விறைத்து நிற்கும், இடுக்கில் ஜல்லி அடைந்திருக்கும். ஒரே ஒரு இரும்புத் தொடுகை நான்கு ரப்பரையும் செல்லாக்காசாக்கிவிடும். மவுண்ட்டைச் சுற்றிக் காகிதத் துண்டை ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே வேலை.

தரைப்பலகைக்கு வந்தால் விஷயம் தலைகீழ். 1.5 சதுர மீட்டர் பலகை 36 கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ என்றால் மேலே 420 கிலோ. ஆறு மவுண்ட்டுகள் முழுச் சுமையில் 3 மி.மீ. அமுங்கும்படி போட்டால் 9.1 ஹெர்ட்ஸ். காலியாக இருக்கையில் அமுக்கம் 0.24 மி.மீ.தான், 32 ஹெர்ட்ஸ். (மனித உடல் இரும்புக் கட்டியல்ல, ஆகவே இது தோராயம்.) அப்போது 16.6 ஹெர்ட்ஸ் சக்கர அதிர்வைத் தரை அடக்காது, 37 சதவீதம் கூட்டும். 300 கி.மீ. ரயிலின் 28.8 ஹெர்ட்ஸோ தரையின் 32-ஐ ஒட்டி வருவதால் அதிர்வு பல மடங்காகும், கிட்டத்தட்ட ஒத்ததிர்வு. கூட்டமில்லாத மதிய வேளையில் புகார் அதிகம் வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதலில் மென்மையாகவும் சுமை ஏற ஏற இறுகவும் செய்யும் ரப்பரைத் தேர்ந்தெடுங்கள். காலியிலேயே 1.5 மி.மீ. அமுங்கினால் 13 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதுவும் 16.6-ஐ அடக்காது, சக்கரத்தை முதலில் கடையச் சொன்னது அதனால்தான்.

பொருத்தும்போது மவுண்ட்டினுள் இருக்கும் ஸ்பேசர் குழலைத் தொலைக்காதீர்கள். அது இல்லாமல் முறுக்கினால் ரப்பர் நசுங்கி இறுகிவிடும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டு, காய்ந்தாலும் நெகிழும் சீலன்ட்டால் நிரப்புங்கள். இருக்கைக் கால்களின் போல்ட் பலகையைத் துளைத்துச் சட்டத்தில் இறங்கியிருந்தால் மிதக்கும் தரை என்பது பெயரளவுக்குத்தான். 60 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தன்மை அளவு) என்று வாங்கிய ரப்பர் 70 காட்டினால், அந்தப் பலகையின் ஆறையும் ஒருசேர மாற்றுங்கள்.

மறு அளவீட்டை அதே பாதையில், அதே வேகத்தில், காலிப் பெட்டியில் ஒருமுறையும் மணல்மூட்டை ஏற்றி ஒருமுறையும் எடுக்க வேண்டும். ஜூலை விடியலில், ஜோகன்னஸ்பர்க் அமைந்த ஹைவெல்ட் பீடபூமியின் குளிரில் ரப்பர் விறைத்திருக்கும். அந்த அளவை மதிய வெயிலில் எடுத்த பழைய அளவோடு ஒப்பிடக் கூடாது.