சக்கரமில்லாமல் ஒரு மண்சட்டி

புதுச்சேரிப் பக்கம் மண் எடுக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது உப்பு. கழிமுகத்துச் சேறு கையில் வழவழவென்று அருமையாகத்தான் வரும். சுட்ட பிறகு சட்டியின் மேல் வெள்ளை பூத்துவிடும். கடலை விட்டுத் தள்ளி, ஏரி வண்டல்தான் சரி. அதையும் அனுமதியில்லாமல் அள்ளக் கூடாது. வில்லியனூர் மாதிரி சுடுமண் வேலை நடக்கும் ஊர்களில் கேட்டுப் பார்த்தால் மிதித்துப் பிசைந்த மண்ணாகவே கிடைக்கலாம்.

பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் பசை போதாது. பிசுபிசுவென்று ஒட்டினால் 5 கிலோ மண்ணுக்கு அரை கிலோ சலித்த ஆற்று மணல் சேருங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கிளிஞ்சல் துணுக்கு சூளையில் சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் குடித்து வீங்கும். நாலு நாள் கழித்துச் சட்டியிலிருந்து சில்லு தெறிக்கும்.

செய்தித்தாள் மேல் 8 மி.மீ. கனத்தில் அடித்தட்டு தட்டுங்கள். தாள் இருந்தால் மண் பலகையில் ஒட்டாமல் சுருங்கும். விளிம்பை முள்கரண்டியால் கீறி, தண்ணீரில் குழைத்த களிக்கூழ் தடவி, சுண்டுவிரல் கனத் திரியைச் சுற்றி வையுங்கள். உள்பக்கம் கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுத்து இணைப்பை மறையுங்கள். வெளியே மட்டும் வழித்துவிட்டு உள்ளே விட்டால், காயும்போது மோதிரம் மோதிரமாகப் பிரியும். இப்படியே திரி மேல் திரியாக ஏற்றும்போது மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஆறப்போடுங்கள், இல்லையேல் இடுப்பு சரியும். வழவழப்புக்காகத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தடவுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் கெடுக்கும் இடம்.

நிழலில் ஒரு வாரம் காயட்டும். மின்விசிறிக் காற்று நேரே படக் கூடாது. வாய் முந்திக் காய்ந்து வெடிக்கும், அதனால் வாயை மட்டும் பாலித்தீனால் மூடுங்கள். இறுகியதும் கவிழ்த்து வைத்தால் அடியும் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரம்கூட ஆகும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படியே சுட்டால் நீராவி சட்டியைப் பிளக்கும்.

வீட்டு ஓவனின் 250 டிகிரி போதாது. சுமார் 600-ஐத் தாண்டினால்தான் மண் திரும்பக் கரையாது. குயவர் சூளையில் கொடுத்துவிடுவதே நல்லது. ஆறிய பிறகு விரலால் சுண்டுங்கள். ‘ணங்’ என்றால் நன்றாக வெந்திருக்கிறது. ‘தொப்’ என்றால் எங்கோ கீறல், அல்லது வேகவில்லை.