பழைய டிராக்டருக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஆயுத பூஜை நெருங்கும்போது பெயிண்டிங் பட்டறைகளில் பழைய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். பூஜைக்குப் பளபளவென்று வீட்டுக்கு வந்த வண்டியில், அடுத்த சேற்றுழவு முடிவதற்குள் இன்ஜினின் முன்பக்க மூடியான டைமிங் கவரைச் சுற்றிப் பெயிண்ட் தோலாக உரிந்து தொங்கும். "பெயிண்ட் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பெயிண்ட் மேல் குற்றமே இருக்காது.

முதல் தவறு வேலையின் வரிசையில்தான். ஆயில் கசிகிற இன்ஜினைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே அடித்தால் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. கேஸ்கெட், பின் ஆக்ஸில் ஆயில் சீல், டீசல் பைப் வாஷர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்யுங்கள். கிளட்ச் வேலை இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிட வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு கிளட்சுக்காக வண்டியை இரண்டாகப் பிரித்தால், ஸ்பேனர் படுகிற போல்ட் தலையெல்லாம் பெயர்ந்துவிடும். ரிப்பேர் முடிந்ததும் நன்றாகச் சூடேறும்வரை வண்டியை ஓட்டிக் கசிவு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பெயிண்ட் பேச்சு.

அடுத்தது சுத்தம். வாட்டர் சர்வீஸ் விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் சேற்றைக் கழுவும், கிரீஸைக் கழுவாது. கிரீஸ் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால், அதை இரும்பின் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். அங்கே அடிக்கிற பெயிண்ட் சிறு சிறு வட்டமாக விலகி நிற்கும், மீன் கண் மாதிரி. டீசலில் ஊறவைத்துச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் டீசல் வாடை போகும்வரை கழுவி, காயவைத்து, கடைசியாகத் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். துணி அழுக்கில்லாமல் வரும்வரை விடக்கூடாது.

நம் ஊர் டிராக்டரில் துரு அதிகம் ஒளிந்திருப்பது மட்கார்டின் உள்விளிம்பில். சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் போட்டு உழுத சேறு அந்த மடிப்பில் காய்ந்து இறுகிக் கிடக்கும். மழைக்கு மழை ஈரத்தைப் பிடித்து வைத்து, தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பார்த்தால் சின்னக் கொப்புளம்தான். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஓட்டை. மட்கார்டைக் கழற்றாமல் இந்த இடத்தைச் சுத்தம் செய்யவே முடியாது. ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். பள்ளம் நிரப்பும் பசையான பட்டியை அள்ளி அப்பி ஓட்டையை மூடுவது ஏமாற்று வேலை. டிராக்டர் அதிர்கிற அதிர்வில் கனமான பட்டி வெடித்து, பாளமாக வரும்.

காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கிற சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், சரி. ஆனால் பானட் மாதிரி மெல்லிய தகட்டில் காட்டினால் நெளிந்துவிடும். இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் காட்டினால் மணல் சீல், பேரிங் வழியாக உள்ளே போய்விடும். கழற்றி எடுத்த வீல் டிஸ்க், கனமான பிராக்கெட்டுகளோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் இரும்பாக்கிய பாகத்தை ராத்திரி முழுக்கத் திறந்து போடாமல் அன்றைக்கே பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்ததோடு மாதக்கணக்கில் விட்டாலும் ஈரம் உள்ளே இறங்கும். எபாக்சி பிரைமருக்குச் செலவு கூடுதல்தான், ஆனால் வயலில் இறங்குகிற வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பணத்தை அதிகம் வீணடிப்பது பெயிண்ட் பொருத்தம் தெரியாமல் அடிப்பது. சிந்தெடிக் எனாமல் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டோ பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டோ அடித்தால், கீழே இருக்கிற எனாமல் சுருங்கித் தோல் மாதிரி கிளம்பும். மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதுதான். பழைய பெயிண்டை அப்படியே வைத்து மேலே அடிக்க நினைத்தால், கண்ணில் படாத மூலையில் தின்னர் துணியை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. பெயிண்ட். சுருங்கிக் கிளம்பினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லை என்றால் ஹார்டனர் (பெயிண்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடித்தது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே நல்லது. பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அதை ஸ்ப்ரே செய்வது நுரையீரலோடு விளையாடுவது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வருகிற மாஸ்க் இல்லாத பட்டறையில் அந்தப் பெயிண்ட் வேண்டாம்.

எந்த மாதத்தில் அடிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. பெயிண்ட் வெளுத்துப் பால்பூத்துவிடும். ஆடிக் காற்றில் திறந்தவெளியில் அடித்தால் வண்டி முழுக்க மண் ஒட்டும். தை, மாசியில் பனி காய்ந்தபின் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள்.

எங்கே அடிக்கக் கூடாது என்பதைச் சொல்ல ஆளே இல்லை. கிரீஸ் நிப்பிள், பிரீதர் (காற்று போய்வரும் துளை), ரப்பர் ஹோஸ், பெல்ட் ஓடும் புல்லி, ஸ்டியரிங் ராமின் (ஹைட்ராலிக் சிலிண்டரின்) பளபளப்பான தண்டு எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். ரேடியேட்டர் வலையில் கெட்டியாக அடித்தால் சூடு வெளியேறாது. சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் பெயிண்ட் தனி. பேட்டரியின் எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் செல்ஃப் எடுக்காது, பாதிப் பேர் பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். இவற்றில் ஆபத்தானது வீல் நட். டிஸ்க்கும் ஹப்பும் ஒட்டும் முகத்தில் கெட்டியாகப் பெயிண்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி நட் தளரும். அந்த முகத்தைச் சுத்தமாக வைத்து, முதல் நாள் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

நிறத்துக்கு, வெயிலில் வெளுத்த பானட்டைச் சாம்பிளாகக் கொடுக்காதீர்கள். டூல் பாக்ஸுக்கு அடியிலோ நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலோ அசல் நிறம் கிடைக்கும். மஹிந்திரா பி-275ம் சிவப்பு, மாஸி ஃபெர்குசன் 1035ம் சிவப்பு, ஆனால் இரண்டும் ஒரே சிவப்பு அல்ல. மாஸியில் தகடுதான் சிவப்பு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சாம்பல். மொத்தத்தையும் சிவப்பில் முக்கி எடுத்த வண்டியைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். சேஸ் நம்பர் மேல் கிரைண்டரோ பட்டியோ படவே கூடாது. 15 வருடம் தாண்டி ரினியூவலுக்குப் போகும்போது அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கச் சொல்வார்கள். எழுத்து தெளிவாக விழவில்லை என்றால் அலைச்சல்தான்.

எனாமல் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே இறுக இன்னும் சில வாரம் ஆகும். அதற்குள் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டினால், உள்ளிருந்து கிளம்பும் தின்னர் ஆவி அடியில் குமிழ் கட்டிவிடும். பூஜைக்கு மாலை மட்டும் போடுங்கள், ஸ்டிக்கர் அப்புறம்.