பழைய அலுமினிய ஸ்கூபா டேங்க்: காற்று நிரப்பக் கொடுக்கும் முன் கழுத்தைப் பாருங்கள்

சேலத்தில் கடல் இல்லை, ஆனாலும் ஸ்கூபா டேங்க் (தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைத்துக் கொண்டுபோகும் சிலிண்டர்) வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பாண்டிச்சேரிக்கு டைவிங் போய்ப் பழகிச் சொந்தமாக வாங்கியவர்கள், கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுத்துத் தருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது குறைந்த விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கிப் போட்டவர்கள். இது அவர்களுக்காக. "பார்க்க நல்லாத்தானே இருக்கு, நிரப்பிக் கொடுங்கண்ணே" என்று டேங்கை நீட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தில் விரிசல் விட்டு வெடித்த பழைய அலுமினிய டேங்குகளில் பெரும்பாலானவை காற்று நிரப்பும்போது வெடித்தவை. நீங்கள் பார்க்காமல் விட்டதற்கு உயிரைக் கொடுப்பவர் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும் அந்த அண்ணன். சுமார் 11 லிட்டர் கொள்ளளவுள்ள சாதாரண டேங்கில் 207 பார் அழுத்தத்தில் 2,200 லிட்டருக்கு மேல் காற்று அடைந்து கிடக்கிறது, இது விளையாட்டல்ல.

முதல் வேலைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். டேங்கின் தோள்பட்டையில் பஞ்ச் அடித்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். பெயின்ட் மூடியிருந்தால் ஈரத்துணியும் பழைய டூத் பிரஷும் போதும், கிரைண்டரை அங்கே கொண்டுபோகக் கூடாது. யார் தயாரித்தது, எந்தத் தர எண், எவ்வளவு அழுத்தம், முதல் சோதனை எந்த மாதம், எந்த வருடம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அமெரிக்க டேங்கானால் '3ஏஎல்' என்று இருக்கும், அதைவிடப் பழசானால் வேறு அனுமதி எண் இருக்கும். எழுத்தே தெரியாத அளவுக்குத் தேய்ந்ததையும், யாரோ அழித்துவிட்டதையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வருடம் ஏன் முக்கியம்? பழைய டேங்குகள் பல 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்தவை. ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் உருக்கிய மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல, உலோகத்தில் என்ன கலக்கிறோம் என்பதுதான் அதன் குணம். இந்த 6351-இல், வருடக்கணக்காக அழுத்தம் தாங்கிக்கொண்டே இருந்தால் கழுத்துப் பகுதியில் உள்ளிருந்து மெல்ல விரிசல் விடும் வழக்கம் இருக்கிறது. கலவையில் ஈயம் துளி கூடுதலாக இருந்தால் இன்னும் மோசம். டேங்க் தயாரிக்கும் லக்ஸ்ஃபர் கம்பெனி அமெரிக்காவில் 1988-இல் இதைக் கைவிட்டு 6061 என்ற வேறு கலவைக்கு மாறியது, அதன் மற்ற நாட்டுத் தொழிற்சாலைகள் மாற இன்னும் சில வருடங்கள் பிடித்தன. வால்டர் கிட்டி கம்பெனியின் டேங்குகளும் 6351தான். கேட்டலினா கம்பெனி தொடக்கம் முதலே 6061. அதனால் வருடத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், கம்பெனி, நாடு, வருடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா 6351 டேங்கும் விரிசல் விடுவதில்லை, பெரும்பாலானவை விடாது. ஆனால் எது விடும் என்று வெளியே தெரியாது.

என் கருத்து இது: உங்களுடையது 6351 என்று உறுதியானால், கழுத்து விரிசலை மின்காந்தத்தால் கண்டுபிடிக்கும் எடி கரண்ட் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால், அதை ஓய்வுக்கு அனுப்பிவிடுங்கள். மிச்சமாகும் பணம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

சரி, டேங்க் 6061, அல்லது எப்படியும் சோதித்தே தீருவேன் என்கிறீர்கள். முதலில் காற்றை இறக்க வேண்டும். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, நிதானமாக. வேகமாகத் திறந்தால் டேங்க் சில்லென்று குளிர்ந்து ஈரம் கோத்துக்கொள்ளும், வால்வை எடுக்கும்போது அந்த ஈரம் உள்ளே போகும். சத்தம் நின்றதும் காலி என்று நம்பிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் அடைத்திருந்தால் அழுத்தம் அப்படியே இருக்கும். வால்வைத் திருகும்போது துளி 'உஸ்' சத்தம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். கடல் தண்ணீர் பட்ட டேங்கில் பித்தளை வால்வும் அலுமினிய மரையும் இறுகிப் பிடித்துக்கொள்ளும், சுத்தியலால் தட்டுவது, பைப் ரெஞ்சு போட்டு ஆள் தொங்குவது எல்லாம் மரையைக் கெடுக்கும். வரவில்லை என்றால் பழகிய ஆளிடம் கொடுங்கள்.

வெளிப்புறத்தில் பலரும் கோட்டை விடும் இடம் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் பூட். அதைக் கழற்றுங்கள். உப்பு தங்கி, உலோகம் வெள்ளையாகப் பூத்துப்போயிருக்கும், துடைத்தால் கீழே குழிகள் தெரியும். குழி, ஆழமான கீறல், எங்காவது உப்பல், கருகிய பெயின்ட், இவற்றில் எது இருந்தாலும் ஆழத்தை அளந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சோதனைக்காரர்.

இங்கே சேலத்து ஆட்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் ஊரில் பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, பழைய டேங்கைக் கொடுத்தால் புதுசு மாதிரி ஆக்கித் தந்துவிடுவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்த அடுப்பு வழக்கமாக 180, 200 டிகிரி வரை போகும், 177 டிகிரி செல்சியஸைத் தாண்டிய அலுமினிய டேங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. பதப்படுத்திய உலோகம் சூட்டில் பதம் இழந்துவிடும், மேலே பார்த்தால் தெரியவே தெரியாது. விற்பவர் டேங்க் புத்தம்புதிதாகப் பளபளக்கிறது என்றால் எப்படிப் பெயின்ட் அடித்தீர்கள் என்று கேளுங்கள். காஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவுவதும் கூடாது, அது அலுமினியத்தைத் தின்றுவிடும். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் கிடப்பது உலோகத்தைக் கெடுக்காது, ஆனால் நிறைந்த டேங்கில் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் சுமார் 0.7 பார் ஏறும்.

அப்புறம் கழுத்து. இதற்கு அவசரப்படாதீர்கள். சின்ன எல்இடி விளக்கை ஒயரில் கட்டி உள்ளே இறக்குங்கள், பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியைக் கழுத்துக்குள் விட்டு மேல்நோக்கித் திருப்புங்கள். மரையை முதலில் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும், பழைய கிரீஸ் விரிசலை மறைக்கும். மரையைச் சுற்றி வட்டமாகப் போகும் கோடு பெரும்பாலும் தொழிற்சாலையில் கருவி பட்ட தடம். நீங்கள் தேடுவது நெட்டுக்குத்தாக, மரைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் முடி போன்ற கோடு. மரை முடிந்து தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்தில் கிளம்பி மேலே ஏறும். விளக்கை நகர்த்திப் பாருங்கள், கீறல் என்றால் ஒரு கோணத்தில் மினுங்கும், விரிசல் எந்தக் கோணத்திலும் கருப்பாகவே நிற்கும். சந்தேகம் வந்தால் அந்த டேங்கில் காற்று ஏற்றக் கூடாது.

எடி கரண்ட் கருவி இதையே மின்காந்தத்தால் செய்கிறது. மரைக்குள் திருகும் முனை ஒவ்வொரு சுற்றாக ஏறும்போது விரிசல் வந்தால் சமிக்ஞை குதிக்கும். அமெரிக்காவில் 2006-இல் வந்த விதி, ஸ்கூபாவுக்குப் பயன்படும் 6351 டேங்குகளுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அழுத்தச் சோதனையோடு இதையும் கட்டாயமாக்கியது. 6061-க்கு இது தேவையில்லை, இல்லாத விரிசலைக் காட்டக்கூடும்.

ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் டேங்கைத் தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தின் மூன்றில் ஐந்து பங்கு, அதாவது 3,000 பிஎஸ்ஐ (207 பார்) டேங்குக்கு 5,000 பிஎஸ்ஐ ஏற்றி, எவ்வளவு விரிந்தது, எவ்வளவு திரும்பியது என்று அளப்பார்கள். நிரந்தர விரிவு மொத்தத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உடம்பின் வலுவை இது சொல்லும், கழுத்தில் ஆரம்பநிலையில் இருக்கும் விரிசலை விட்டுவிடக்கூடும். இந்தச் சோதனையை பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த நிலையத்தில்தான் செய்ய வேண்டும், பெசோ அனுமதி இல்லாமல் வந்த வெளிநாட்டு சிலிண்டரை இங்கே நிரப்புவதே சட்டப்படி தவறு. வாங்கும் முன் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

எல்லாம் நன்றாக இருந்தால் வால்வுக்குப் புது ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), அதற்கான சிலிகான் கிரீஸ் கொஞ்சம், வால்வைக் கையால் திருகிவிட்டு அளவான முறுக்கு. வருடம் ஒருமுறை உள்ளே பாருங்கள். மாதக்கணக்கில் முங்கப் போவதில்லை என்றால் முழு அழுத்தத்தில் வைக்காமல், ஈரம் புகாத அளவுக்குக் கொஞ்சம் காற்றோடு வையுங்கள்.

தேறாத டேங்கை அப்படியே காயலான் கடையில் போடாதீர்கள், அங்கிருந்து இன்னொருவர் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிப்போய் நிரப்பக் கொடுப்பார். காற்று இல்லை என்று உறுதி செய்து, வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, பட்டறையில் கொடுத்து நடுவில் இரண்டாக அறுத்துவிடுங்கள். எடைக்குத்தானே போகப்போகிறது, இரண்டு துண்டாகப் போனாலும் அதே விலைதான்.