உங்கள் முதல் பவர் பாலட்டை எழுதுவது எப்படி?

ராக் இசையில் எனக்கு மிகவும் பிடித்த வகை பவர் பாலட். ஒற்றைப் பியானோவோ ஒற்றைக் கிட்டாரோ மெதுவாகத் தொடங்கும். பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுவார். நான்கைந்து நிமிடத்தில் அதே பாட்டு டிரம்ஸ், கரகரக்கும் டிஸ்டார்ஷன் கிட்டார், கூட்டுக் குரல்கள் என்று வளர்ந்து ஒரு ஸ்டேடியத்தையே நிரப்பிவிடும். "ரொம்ப ஓவர்" என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஓவர்தான். ஆனால் முதல் ஒன்றரை நிமிடம் பாட்டு எவ்வளவு அடங்கி நிற்கிறதோ, அவ்வளவு ஓவராக முடிவில் போக அதற்கு உரிமை வந்துவிடுகிறது. அந்த அடக்கத்தை எப்படிக் கட்டுவது, எப்போது அவிழ்த்து விடுவது என்பதுதான் இந்தப் பதிவு.

தேவையானவை: ஒரு அகூஸ்டிக் கிட்டார், ஒரு கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்), ஹெட்போன், பல டிராக் பதிவு செய்யும் இலவச ஆப் உள்ள ஒரு போன். பேண்ட்லேப் போதும், ஐபோன் என்றால் கராஜ்பேண்ட். ஐந்தாறு கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதுமானது.

படி 1: கேட்டுக்கொண்டே கோடு போடுங்கள்

முதலில் மூன்று பாட்டு. ஹார்ட் குழுவின் ‘அலோன்’ (1987), ஜர்னியின் ‘ஃபெய்த்ஃபுல்லி’ (1983), ஃபாரினரின் ‘ஐ வான்ட் டு நோ வாட் லவ் இஸ்’ (1984). ஒரு தாளில் இடமிருந்து வலமாக நேரத்தையும், கீழிருந்து மேலாகச் சத்தத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடும்போது பேனாவை எடுக்காமல் கோடு இழுங்கள்.

‘அலோன்’ கோடு வேடிக்கையாக வரும். வெர்ஸ், அதாவது கதை சொல்லும் பகுதி, முழுக்கத் தரையோடு தரையாகப் போகும். பியானோ, பின்னால் மெல்லிய கீபோர்டு, பாடகி ஆன் வில்சனின் குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்பு. திரும்பத் திரும்ப வரும் கோரஸ் தொடங்கும் இடத்தில் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து இறங்க, கோடு செங்குத்தாக ஏறும். பில்லி ஸ்டைன்பெர்க், டாம் கெல்லி இருவரும் எழுதிய இந்தப் பாட்டை அவர்களே ஐ-டென் என்ற பெயரில் 1983-லேயே வெளியிட்டிருந்தார்கள். பெரிதாக எடுபடவில்லை. நான்கு வருடம் கழித்து ஹார்ட் பாடியபோது அமெரிக்காவில் முதலிடம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், இந்தப் படிக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

படி 2: சொல்ல ஒரே ஒரு விஷயம்

வரிகளில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வலி இருந்தால் போதும். ‘ஃபெய்த்ஃபுல்லி’யை எழுதிய ஜோனதன் கெய்ன், ஊர் ஊராகப் போகும் இசைக்கலைஞன் வீட்டைப் பிரிந்திருப்பதைப் பற்றித்தான் எழுதினார். அதற்கு மேல் அதில் கதை இல்லை.

வெர்ஸில் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களை வையுங்கள். "உன் வண்டிச் சாவி இன்னும் ஆணியில் தொங்குது" என்ற மாதிரி ஒரு வரி. வானம், கடல், ஆயிரம் ஜென்மம் எல்லாம் கோரஸுக்கு. முதல் வரியிலேயே ஆயிரம் ஜென்மத்தைக் கூப்பிட்டால் கோரஸில் கூப்பிட ஒன்றும் மிஞ்சாது.

கோரஸ் வரி எந்த எழுத்தில் முடிகிறது என்பதை மட்டும் ரொம்பக் கவனியுங்கள். நீட்டிப் பாட வாய் திறந்திருக்க வேண்டும். ‘வா’, ‘தா’, ‘நிலா’, ‘வருவாயோ’ என்று ஆகாரத்திலோ ஓகாரத்திலோ முடிந்தால் நான்கு தட்டு, எட்டு தட்டு தாராளமாக இழுக்கலாம். ‘நெஞ்சம்’, ‘காலம்’ என்று முடிந்தால் உதடு மூடிக்கொள்ளும், உச்சத்தில் குரல் அடைபடும். "நீ இல்லாத நேரம்" என்பதை "நேரம் நீ இல்லாமல் போனதோ" என்று திருப்பிப் போட்டுப் பாடுங்கள், வித்தியாசம் தொண்டையிலேயே தெரியும்.

படி 3: கார்டுகள்

பாய்சன் குழுவின் ‘எவ்ரி ரோஸ் ஹேஸ் இட்ஸ் தார்ன்’ (1988) ஒரு பெருமூச்சோடு தொடங்கும். அப்புறம் அகூஸ்டிக் கிட்டாரில் ஜி, சி ஆட் 9 என்று இரண்டே கார்டு மாறி மாறி வரும். இரண்டிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் அசையாமல் மூன்றாம் ஃப்ரெட்டில் இருப்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிடச் சுலபம் இல்லை. அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் வரை போனது.

நாமும் அதே இரண்டில் வெர்ஸை வைப்போம். டெம்போ 70, அதாவது நிமிடத்துக்கு 70 தட்டு. எல்லாக் கம்பியையும் சேர்த்து ஸ்ட்ரம் செய்யாதீர்கள், கம்பி கம்பியாக மீட்டுங்கள்.

வெர்ஸ்: ஜி, சி ஆட் 9.
ப்ரீ-கோரஸ் (கோரஸுக்கு முந்தைய சிறு பகுதி): ஈ மைனர், டி, சி, டி.
கோரஸ்: ஜி, டி, ஈ மைனர், சி.

ப்ரீ-கோரஸ் டி-யில் முடிவதற்குக் காரணம் உண்டு. டி கார்டு ஜி-க்குப் போகத் துடிக்கும், கேட்கிறவரின் காது தானாகவே கோரஸை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

படி 4: நேரக் கணக்கு

டெம்போ 70-இல் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் சுமார் மூன்றரை வினாடி. முன்னிசை 4 பார், முதல் வெர்ஸ் 16 பார், ப்ரீ-கோரஸ் 4 பார். இதுவரை சுமார் 1 நிமிடம் 22 வினாடி ஓடியிருக்கும், கடைசி நான்கு டாம் அடிகளைத் தவிர டிரம்ஸ் வந்திருக்காது. பிறகு கோரஸ் 8, இரண்டாம் வெர்ஸ் 8, ப்ரீ-கோரஸ் 4, கோரஸ் 8, கிட்டார் சோலோ 8, ஏற்றத்துக்கு 2, கடைசி கோரஸ் 16, முடிப்பு 4. மொத்தம் நான்கு நிமிடம் நாற்பது வினாடி. இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், பதிவு செய்யும்போது வழி தவறாது.

படி 5: குரல்

உங்களால் சிரமமில்லாமல் எட்ட முடிகிற உச்ச ஸ்வரம் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த ஸ்வரம் கடைசி கோரஸுக்கு மட்டும். வெர்ஸின் மெட்டைக் கீழே, நீங்கள் பேசுகிற உயரத்திலேயே வையுங்கள். முதல் கோரஸ் நடுவில் நிற்கட்டும்.

வெர்ஸைப் பாடும்போது மைக்குக்கு மிக அருகில் வந்து மெதுவாகப் பாடுங்கள், மூச்சுச் சத்தம் கேட்டால் நல்லது. கோரஸுக்கு இரண்டடி பின்னால் போய் முழுக்குரலில் பாடுங்கள். தொண்டையை இறுக்கிக் கரகரப்பை வரவழைக்க வேண்டாம். பாடகி போனி டைலரின் பேர்போன கரகரப்பு, குரல்நாண் முடிச்சுகளுக்குச் செய்த அறுவைக்குப் பிறகு வந்தது, பயிற்சியால் வந்ததில்லை.

படி 6: டிரம்ஸ் நுழையும் இடம்

பவர் பாலட்டின் உயிர் இங்கேதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ (1981) சரியான பவர் பாலட் இல்லை. ஆனால் காத்திருக்க வைப்பதைக் கற்க அதுதான் பாடப்புத்தகம். 3 நிமிடம் 40 வினாடி வரை ஒரு டிரம் மெஷின் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த டிரம் அடி. கேட்டவர்கள் யாரும் மறக்காத அடி அது. அதற்கு முன்பே லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பாடகர் பீட்டர் கேப்ரியலின் பதிவின்போது காலின்ஸும் ஒலிப்பதிவாளர் ஹ்யூ பட்கமும் கண்டுபிடித்த ஒலி. டிரம்மில் அடித்ததும் பெரிய மண்டபத்தில் போல எதிரொலி எழும், அது தேய்ந்து மறைவதற்குள் சட்டென்று வெட்டப்படும். இதற்கு கேட்டட் ரிவெர்ப் என்று பெயர். எண்பதுகளில் பெரிய பாலட்டுகள் பலவற்றில் ஸ்நேர் டிரம் பீரங்கி மாதிரி வெடிப்பதற்கு இந்த உத்திதான் காரணம்.

நம் பாட்டில் இப்படிச் செய்யுங்கள். ப்ரீ-கோரஸின் கடைசிப் பாரில் முதல் இரண்டு தட்டு எல்லா வாத்தியமும் நிற்கட்டும். கிட்டார் கம்பியைக் கையால் மூடிவிடுங்கள். குரல் மட்டும் அந்தரத்தில் நிற்கும். மூன்றாம், நான்காம் தட்டுகளில் டாம் டிரம்மில் நான்கு கனமான அடி. அடுத்த பாரின் முதல் தட்டில் கிக் டிரம், சிம்பல், டிஸ்டார்ஷன் கிட்டார், பேஸ், நான்கும் ஒன்றாக. அதன்பின் இரண்டாம், நான்காம் தட்டுகளில் ஸ்நேர். ஆப்பில் ஸ்நேர் டிராக்குக்கு மட்டும் ‘ஹால்’ ரிவெர்ப் போட்டு, அதன் நீளத்தை அரை வினாடிக்குள் குறையுங்கள். கேட்டட் வகை தனியாக இருந்தால் அதையே எடுங்கள்.

அந்த இரண்டு தட்டு மௌனத்தைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள்.

படி 7: சோலோ, பிறகு சுருதி ஏற்றம்

சோலோவைக் கிட்டாரில் தேடாமல் வாயால் பாடிப் பாருங்கள். பாட முடிந்ததைக் கம்பியில் தேடி எடுங்கள். முதல் இரண்டு பாரில் நீண்ட ஸ்வரங்கள், வேகம் கடைசியில் மட்டும். கன்ஸ் அண்ட் ரோசஸின் ‘நவம்பர் ரெயின்’ வீடியோவில் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் பாலைவெளியில் தனியாக நிற்கும் தேவாலயத்துக்கு வெளியே வாசிக்கும் சோலோவைக் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் கூடவே பாடலாம். கிட்டத்தட்ட ஒன்பது நிமிடப் பாட்டு அது, ஒன்றுக்கு மூன்று சோலோ. ஒன்றைக்கூட வெட்ட எனக்கு மனசு வராது.

சோலோ முடிந்ததும் சுருதியை ஏற்றுவோம். ஜி-யிலிருந்து ஏ-க்கு, நம் ஊர்க் கணக்கில் ஐந்து கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு. ஏற்றத்துக்கு ஒதுக்கிய இரண்டு பாரில் முதல் பாரை சி, டி என்று பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பார் முழுக்க ஈ மேஜர். மூன்றும் படிப்படியாக ஏறும். ஈ வந்ததும் காது ஏ-யைக் கேட்கும். கடைசி கோரஸை இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டித் தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். விரல்கள் பழைய ஜி, டி, ஈ மைனர், சி-யையே பிடிக்கும், பாட்டு மட்டும் மேலே போயிருக்கும். ஒருமுறை ஏற்றினால் போதும்.

படி 8: மிகையைச் சேர்ப்பது

கடைசி கோரஸை மூன்று நான்கு முறை தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்யுங்கள். ஒன்றை நகல் எடுத்தால் ஆகாது. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் விலகுவதால்தான் கூட்டம் கிடைக்கிறது. ஒன்றை நடுவில், மற்றவற்றை இடமும் வலமும் தள்ளுங்கள். நண்பர்கள் இருந்தால் கூப்பிட்டு நிறுத்துங்கள். ஃபாரினர் பாட்டில் நியூ ஜெர்சி மாஸ் காயர் வந்து சேரும் இடத்தைத் திரும்பக் கேளுங்கள். தனி மனிதனின் கேள்வி ஒரு சபையின் கேள்வியாக மாறுகிறது. ஃபாரினரின் ஒரே அமெரிக்க முதலிடப் பாட்டு அதுதான்.

எவ்வளவு சேர்க்கலாம்? இதில் என் ஆசான் ஜிம் ஸ்டைன்மன். அவர் எழுதி போனி டைலர் பாடிய ‘டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்’ (1983) ஆல்பத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடம். ரத்தக் காட்டேரிகளின் காதலுக்காகத் தொடங்கிய பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார், பிற்பாடு அப்படிப்பட்ட ஒரு இசை நாடகத்திலேயே அதைப் பயன்படுத்தவும் செய்தார். பாடகர் மீட் லோஃபுக்கு அவர் எழுதிய 1993-ஆம் வருடப் பாட்டு ஆல்பத்தில் பன்னிரண்டு நிமிடம். இடி மாதிரி டிரம்ஸ், மேலே மேலே குரல்கள். எல்லாமே அதிகம், எதிலும் வெட்கம் கிடையாது. அவர் எழுதிய ஒவ்வொரு அடியையும் நம்பினார், அதனால் நமக்கும் நம்பத் தோன்றுகிறது.

நம்பாமல் செய்தால் என்ன ஆகும் என்பதையும் அதே காலம் காட்டியது. மாட்லி க்ரூவின் ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ (1985) எம்டிவியில் பெரும் வரவேற்பைப் பெற்றது. டிரம்மர் டாமி லீ பியானோவில் உட்கார்ந்து தொடங்கும் பாட்டு அது, எனக்கு இன்றும் பிடிக்கும். அதற்கப்புறம் ஹார்ட் ராக் ஆல்பம் என்றால் ரேடியோவுக்காக ஒரு பாலட் கட்டாயம் என்று ஆனது. பலதில் உச்சம் இருந்தது, அதற்கான வலி முதல் வெர்ஸில் இல்லை. 1991-இல் நிர்வாணா குழுவும் கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் அலையும் வந்தபோது அந்தக் கூட்டம் வேகமாகக் கலைந்தது. ஒரு டிராக்கைச் சேர்க்கும் முன் "முதல் வெர்ஸில் இதைச் சம்பாதித்தோமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தயங்காமல் சேருங்கள், வயலின் உட்பட.

படி 9: கலவை

வெர்ஸ், கடைசி கோரஸை விடக் குறைந்தது 6 டெசிபலாவது தாழ்ந்திருக்கட்டும். ஆப்பில் வரும் தானியங்கி மாஸ்டரிங்கை (இறுதி ஒலிச் சீரமைப்பை) எச்சரிக்கையாகப் பயன்படுத்துங்கள். எல்லாப் பகுதியையும் ஒரே சத்தத்துக்குத் தூக்கிவிடும் அமைப்பு என்றால் நீங்கள் கட்டிய ஏற்றம் முழுவதும் தட்டையாகிவிடும். மென்மையான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

முடிந்ததும் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். முதல் படியில் செய்தது போல உங்கள் பாட்டுக்கும் கோடு போடுங்கள். 1 நிமிடம் 22 வினாடியில் கோடு செங்குத்தாக ஏறவில்லை என்றால் கோரஸைக் கூட்ட வேண்டாம். வெர்ஸில் இருந்து ஒரு வாத்தியத்தை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.