தட்டணு குறைந்தால் எல்லாமே டெங்கு அல்ல

2012-ல் நெல்லைப் பக்கம் டெங்கு படுத்திய பாட்டை நாம் இன்னும் மறக்கவில்லை. அதனாலேயே பிளேட்லெட் (தட்டணு) குறைந்தது என்றதும் பப்பாளி இலையைத் தேடி ஓடுகிறோம். ஏஹெச்யூஎஸ் (அடிப்பிகல் ஹீமோலிடிக் யூரிமிக் சிண்ட்ரோம்) என்ற அரிய நோய் கண்ணில் படாமல் போவது அங்கேதான்.

கிருமியை எதிர்க்க வேண்டிய காம்ப்ளிமென்ட் புரதங்கள் கட்டுமீறி, நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதுதான் இந்நோய். மரபணுக் கோளாறு காரணமாகலாம். இந்நோய் வரும் இந்தியக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, காம்ப்ளிமென்ட்டை அடக்கிவைக்கும் ஃபேக்டர் ஹெச் புரதத்துக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருளே காரணம். சிறு ரத்தக்கட்டிகள் குழாய்களை அடைக்கும். தட்டணுக்கள் அதிலேயே தீரும், சிவப்பணுக்கள் கிழியும், சிறுநீரகம் தளரும்.

ஆகவே தட்டணுவை மட்டும் பார்க்காதீர்கள். ரத்தக்கசிவு இல்லாத டெங்குவில் ஹீமோகுளோபின் பொதுவாகச் சரியாது. இதில் சரியும், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும். சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கொஞ்சமாகப் போனாலோ, முகம் வீங்கினாலோ அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கண் மஞ்சளானதும் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்து நாளைக் கடத்தக் கூடாது. அந்த மஞ்சள் உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வருவது.

“பிளேட்லெட் ஏத்துங்க” என்று டாக்டரை நெருக்குவதும் தவறு. கடும் ரத்தப்போக்கோ அறுவை சிகிச்சையோ இல்லாதபோது ஏற்றினால் அடைப்பு கூடலாம்.

பரிசோதனையில் வரிசை முக்கியம். ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில் உடைந்த சிவப்பணுக்கள் தெரியும். பிளாஸ்மா மாற்றுக்கு (நோயாளியின் ரத்தத் திரவத்தை எடுத்துவிட்டுப் பிறருடையதை ஏற்றும் சிகிச்சை) முன்பே சி3 என்ற காம்ப்ளிமென்ட் புரதம், ஃபேக்டர் ஹெச் எதிர்ப்பொருள், ஆடாம்ட்ஸ்-13 என்ற நொதி ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்துவிட வேண்டும். பிறர் பிளாஸ்மா ஏறிய பின் முடிவுகள் குழப்பும். ஆடாம்ட்ஸ்-13 பத்து சதவீதத்துக்குக் கீழ் என்றால் அது டிடிபி (த்ராம்பாடிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா), வேறு நோய். ஆனால் முடிவு வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. எதிர்ப்பொருள் உள்ள குழந்தைகளுக்கு பிளாஸ்மா மாற்றும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளும் நன்றாகவே கைகொடுக்கின்றன. இந்நோய்க்கு 2011-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் எக்குலிசுமாப் மிக நல்ல மருந்து, ஆனால் விலை நம் கைக்கு எட்டாது. அதைப் போடுவோருக்கு மூளைக்காய்ச்சல் தரும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி கட்டாயம்.

பிரசவத்துக்குப் பிறகு தட்டணு குறைந்தால் பிரஷர் என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று நாளாகியும் தேறாமல் கிரியாட்டினின் ஏறினால் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம், இந்நோயால் சிறுநீரகம் செயலிழந்துபோனால், மரபணுச் சோதனை செய்யாமல் பெற்ற தாயிடமே சிறுநீரகம் வாங்கிப் பொருத்திவிடாதீர்கள். அதே கோளாறு தாயிடமும் இருக்கலாம். கொடுத்த பின் அவருக்கே நோய் வரக்கூடும்.