மை வாங்கப் போகிறீர்களா? பெயரில் மயங்கலாம், தாளில் பார்த்துவிட்டு

பவுண்டன் பேனா மைக்குப் பெயர் வைக்கிறவர்களுக்குக் கூச்சமே கிடையாது. அமெரிக்காவின் நூட்லர்ஸ் ஒரு மைக்கு 'ரோம் பர்னிங்' என்று பெயர் வைத்திருக்கிறது. 1864 முதல் இருக்கும் இங்கிலாந்துக் கம்பெனி டயமைனிடம் 'ஆக்ஸ்பிளட்', 'ரைட்டர்ஸ் பிளட்' என்று ரத்தமே இரண்டு வகை. பக்கத்துக் கேரளத்துக் கிருஷ்ணா மையிலோ 'ஜங்கிள் வல்கேனோ', 'மூன்வியூ', 'சீ அட் நைட்'. பிரில், கேமல் பாட்டில்களில் 'ராயல் புளூ' மட்டுமே படித்து வளர்ந்தவருக்கு இதையெல்லாம் பார்த்ததும் கை பரபரக்கத்தான் செய்யும்.

தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான நீலமும் கறுப்பும்தான் இருக்கும். ஆனாலும் கேட்டு வையுங்கள், நாலு பேர் கேட்டால் கடைக்காரர் சப்ளையரிடம் சொல்லி வரவழைப்பார். சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கோ மாதிரி பேனாவுக்கென்றே இருக்கும் கடைக்குப் போகலாம். எங்கே போனாலும் ஜூனில் பள்ளி திறக்கிற வாரம் மட்டும் வேண்டாம். பிரவுன் ஷீட்டும் லேபிளும் கேட்டு ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மை காட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?

போகும்போது அன்றாடம் எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாள், கழுவிக் காயவைத்த உங்கள் பேனா, ஒரு ஈரத்துணி, இரண்டு பட்ஸ். "அண்ணே, திறந்த பாட்டில் ஏதாவது இருக்கா, தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சீல் வைத்ததை நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். பட்ஸால் இழுத்த கோடு எப்போதும் அடர்த்தியாக, அழகாகத் தெரியும், அதை நம்பி வாங்கக் கூடாது. நிப்பை மையில் தொட்டு உங்கள் பெயரை எழுதி, காயவிட்டு, கடை டியூப்லைட்டை விட்டு வெளியே வந்து வெயிலில் பாருங்கள். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயர் தருகிற வாக்குறுதி பாதிக்குமேல் நிப்பையும் தாளையும் பொறுத்தது. நூட்லர்ஸ் 'அப்பாச்சி சன்செட்' மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும் என்று வாங்கி மெல்லிய நிப் பேனாவில் ஊற்றினால், அந்தி வானம் எல்லாம் கிடையாது, வெறும் ஆரஞ்சு. பிரெஞ்சுக் கம்பெனி எர்பானின் 'எமரால்ட் ஆஃப் சிவோர்' நல்ல வழவழப்பான தாளில் சிவப்பாக மினுங்கும், மையை உறிஞ்சிவிடும் சாதா நோட்டில் அந்தச் சிவப்பைத் தேடினாலும் கிடைக்காது. அதில் தங்கத்தூள் வேறு, பாட்டிலைக் குலுக்கித்தான் நிரப்ப வேண்டும், பேனாவை வாரக்கணக்கில் சும்மா வைத்தால் தூள் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் தங்கி அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர்ச் சோதனையும் முக்கியம், அதிலும் செக், விண்ணப்பம் என்று எழுதுகிறவர்களுக்கு. காய்ந்த எழுத்தின்மேல் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். 'ரோம் பர்னிங்'கில் இது வேடிக்கையாக இருக்கும்: மஞ்சள் கலந்த பழுப்பு கரைந்து ஓட, அடியிலிருந்து ஊதா எழுத்து எழுந்து நிற்கும். பள்ளிக்கூடத்து ராயல் புளூ என்றால் பெரும்பாலும் எழுத்தே கரைந்துவிடும், சட்டைக்கறை போகிறதே என்று அம்மாக்களுக்கு அதுவே சௌகரியம்.

சில மைகளிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். நூட்லர்ஸ் 'பே ஸ்டேட் புளூ' கண்ணைப் பறிக்கும் நீலம், ஆனால் பேனாவின் பிளாஸ்டிக்கில் கறை ஏற்றும், வேறு மையோடு கலந்தால் கட்டிதட்டும். அதற்கென்று ஒரு மலிவான பேனாவை ஒதுக்கிவிடுங்கள். டயமைன் 'ஏன்ஷியன்ட் காப்பர்' நிறம் பிரமாதம், நிப்பில் மட்டும் பொருக்கு கட்டும், அவ்வப்போது துடைக்க வேண்டும். அப்புறம், அதே அலமாரியில் நிற்கும் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க்கை விலை குறைவென்று பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்தால் பேனா அவ்வளவுதான்.

விலையை மில்லிக் கணக்கில் ஒப்பிடுங்கள். டயமைன் 30 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் வாய் குறுகல், தடித்த பேனா உள்ளே போகாது, மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. நூட்லர்ஸ் பாட்டிலை விளிம்புவரை நிரப்பியே அனுப்புவார்கள், அதனால் வீட்டுக்கு வந்ததும் ஆசையில் மடியில் வைத்துத் திருகாமல், ஒரு பழைய தட்டில் வைத்து, வேண்டாத சட்டை போட்டுக்கொண்டு திறங்கள்.