கைநாட்டு வைத்த பிரமாணப் பத்திரம் வங்கியில் திரும்பினால்: என் அனுபவம்

ஈரோட்டில் எங்க அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) பெயர்த் திருத்தத்துக்கு எடுத்த பிரமாணப் பத்திரத்தை வங்கியில் ஏற்கவில்லை. கைநாட்டுக்குக் கீழே, படித்துக் காட்டியதற்கான வரி இல்லை. நோட்டரி பதிவேட்டு எண்ணும் இல்லை. புதிதாக எடுத்துத்தான் சரியானது.

முதலில் ஒன்று: பத்திரத்தில் இருப்பது உண்மை என்று நோட்டரி சான்று தருவதில்லை. இன்னார் தன் முன் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட்டார் என்பதற்குத்தான் சான்று. அதனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்தனுப்பாதீங்க. கையெழுத்துப் போடாமல் கொண்டுபோய், ஆதார் அசலைக் காட்டி, அவர் முன்னால் போடுங்க. எல்லாப் பக்கத்திலும் போடணும். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலும் போடணும். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். பான் அட்டையில் தமிழில் கையெழுத்து இருந்தால் இங்கேயும் தமிழிலேயே போடுங்க.

கைநாட்டில்தான் சிக்கல் அதிகம். களையெடுத்தும் தறி ஓட்டியும் தேய்ந்த விரலில் ரேகை பதியாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மை லேசாகத் தொட்டு, இடது பெருவிரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்டுங்க. அழுத்தினால் வெறும் கறைதான் மிஞ்சும். கீழே, ‘இன்னாரின் இடது பெருவிரல் ரேகை; தமிழில் படித்துக் காட்டி, புரிந்துகொண்டு வைத்தது’ என்று எழுதி, அடையாளம் காட்டுபவர் கையெழுத்திடணும்.

கிளம்பும் முன் தேதி, பதிவேட்டு எண், 5 செ.மீ. வட்ட முத்திரை மூன்றையும் பாருங்க. நிலம் விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் பவருக்கு (அதிகாரப் பத்திரம்) நோட்டரி சான்று போதாது. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகம்தான்.